'கண்டறியப்படவில்லை' என்றால் 'இல்லை' என்று பொருளா? – உணவுப் பரிசோதனை குறித்த வாசகர் கேள்விகள்

உணவில் உள்ள நோய்க்கிருமிகளை ஆய்வகங்கள் எவ்வாறு கண்டுபிடிக்கின்றன என்று கேட்டு வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இம்முறை விடையளிக்கிறேன். ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, உணவுப் பொருள்களைப் பொட்டலமிட்டு விற்கும் சிறு தொழில் நடத்துகிறேன். சால்மோனெல்லா பரிசோதனையின் முடிவு வர ஐந்து நாள் ஆகும் என்கிறார்கள். இரத்தப் பரிசோதனை முடிவு அன்று மாலையே கிடைத்துவிடும்போது இதற்கு மட்டும் ஏன் இத்தனை நாள்? ஆய்வகத்தின் மெத்தனம்தான் காரணமா?

பதில்: மெத்தனம் இல்லை. இரத்தத்தில் சர்க்கரையை அளப்பவர், அங்கே நிச்சயமாக இருக்கும் ஒன்றின் அளவைத்தான் பார்க்கிறார். உணவில் சால்மோனெல்லாவைத் தேடுபவரோ, இருக்கிறதா என்றே தெரியாத, இருந்தாலும் 25 கிராமில் ஒன்றிரண்டு செல்களாக மட்டுமே ஒளிந்திருக்கக்கூடிய ஒரு கிருமியை, அதைப்போலவே தோற்றமளிக்கும் தீங்கற்ற பல பாக்டீரியாக்களுக்கு நடுவே தேடுகிறார். போதாக்குறைக்கு, உணவைச் சூடாக்கியும் உலர்த்தியும் உறையவைத்தும் பதப்படுத்தியிருப்பதால், அந்த ஒன்றிரண்டு செல்களும் பெரும்பாலும் குற்றுயிராகவே இருக்கும். அவற்றைத் தேற்றி, பெருக்கி, பிறகு அடையாளம் காண வேண்டும். ஐந்து நாளில் பெரும்பகுதி பாக்டீரியா வளர்வதற்காகக் காத்திருக்கும் நேரமே.

திங்கட்கிழமை வேலை தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். 25 கிராம் உணவை 225 மில்லிலிட்டர் பெப்டோன் என்ற சத்துக் கரைசலில் கலந்து, 37 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஏறத்தாழ 18 மணி நேரம் இன்குபேட்டரில் வைப்பார்கள். இதற்கு முன்செறிவூட்டல் என்று பெயர். இந்தக் கரைசலில் எந்தக் கிருமியையும் தடுக்கும் மருந்து கிடையாது. அடிபட்ட செல்லுக்கு முதல் நாளே கடுமையான சூழலைக் கொடுத்தால், சால்மோனெல்லாவும் சேர்ந்து மடிந்துவிடும். செவ்வாய்க்கிழமை அதிலிருந்து சிறிதளவை எடுத்து, மற்றப் பாக்டீரியாக்களுக்குப் பிடிக்காத இருவகைக் கரைசல்களில் விடுவார்கள். ஒன்றில் மெக்னீசியம் குளோரைடும் மாலகைட் பச்சைச் சாயமும் இருக்கும், அது 41.5 டிகிரியில் வைக்கப்படும். மற்றொன்றில் டெட்ராதயோனேட் இருக்கும். அதற்கு 37 டிகிரி. சால்மோனெல்லா இவற்றைத் தாங்கிக்கொண்டு பெருகும். போட்டியாளர்கள் பெரும்பாலும் பின்தங்கிவிடுவார்கள்.

புதன்கிழமை இந்தக் கரைசல்களிலிருந்து ஒரு கம்பி வளையத்தால் தொட்டு, எக்ஸ்எல்டி எனப்படும் சிவப்பு நிற அகார்த் தட்டிலும் (கடற்பாசிக் கூழில் செய்த ஊடகம் ஊற்றிய தட்டு), வேறு முறையில் வேலை செய்யும் இரண்டாவது வகைத் தட்டு ஒன்றிலும் இழுப்பார்கள். வியாழக்கிழமை காலை எக்ஸ்எல்டி தட்டைத் திறக்கும்போது நடுவில் கருமையான பொட்டு வைத்த சிவப்புக் காலனிகள், அதாவது கண்ணுக்குத் தெரியும் பாக்டீரியாத் திட்டுகள், தென்பட்டால் சந்தேகம் வலுக்கிறது. சால்மோனெல்லா உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, ஊடகத்திலுள்ள இரும்புடன் சேர்ந்து அந்தக் கருமையைத் தருகிறது. அந்தக் காலனியைப் பிரித்தெடுத்து, எந்தச் சர்க்கரையை உண்கிறது, எதிர்ப்பொருள் கொண்ட எந்த எதிர்ச்சீரத்துடன் சேர்ந்து கட்டியாகத் திரள்கிறது என்று பார்த்து உறுதிசெய்ய மேலும் ஒன்றிரண்டு நாள் தேவை.

ஆகவே 'இல்லை' என்ற விடை வியாழக்கிழமையே தெரிந்துவிடுகிறது. 'உண்டு' என்ற விடைக்குத்தான் கூடுதல் நாள் பிடிக்கிறது. வியாழக்கிழமை மாலை வரை ஆய்வகத்திலிருந்து ஒரு செய்தியும் வராவிட்டால் பழகிய தர மேலாளர்களுக்கு வயிற்றைக் கலக்கத் தொடங்குவது இதனால்தான். லிஸ்டீரியா இதைவிட நிதானமான கிருமி. இரண்டு கட்டச் செறிவூட்டலும் தட்டுகளில் இரண்டு நாள் வரை காத்திருப்பும் சேர்ந்து ஒரு வாரத்தை எட்டிவிடும்.

கேள்வி: எங்கள் பொருளுக்கு வந்த அறிக்கையில் '25 கிராமில் சால்மோனெல்லா கண்டறியப்படவில்லை' என்று இருந்தது. இந்தத் தயாரிப்புத் தொகுதி முழுவதும் கிருமியற்றது என்று வாடிக்கையாளரிடம் உறுதி கூறலாமா?

பதில்: கூறக்கூடாது. அந்த வாக்கியத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லும் எண்ணி வைக்கப்பட்டது. சோதிக்கப்பட்ட 25 கிராமில், இந்த முறையால், கண்டுபிடிக்க முடியவில்லை என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்லவில்லை. பாக்டீரியா உணவில் உப்பைப்போலக் கரைந்து எங்கும் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஓரிடத்தில் கொத்தாக இருக்கும், பக்கத்திலேயே ஒன்றும் இராது.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு தொகுதியின் பொட்டலங்களில் 100-க்கு 1 மாசுபட்டிருக்கிறது என்றும், நாம் 5 பொட்டலங்களை எழுந்தமானமாக எடுத்துச் சோதிக்கிறோம் என்றும் கொள்வோம். மாசுபட்ட ஒன்றாவது கையில் சிக்குவதற்கான வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. அதாவது, 20 முறை இப்படிச் சோதித்தால் ஏறத்தாழ 19 முறை, மாசுபட்ட அந்தத் தொகுதி நல்ல பெயருடன் வெளியே போய்விடும். 60 மாதிரிகள் எடுத்தாலும் வாய்ப்பு 45 விழுக்காடுதான். 100-க்கு 5 மாசுபட்டிருந்தால் மட்டுமே 60 மாதிரிகளில் 95 விழுக்காடு நம்பிக்கையுடன் பிடிக்க முடியும். குழந்தைகளுக்கான பால் மாவுக்கு, கோடெக்ஸ் எனப்படும் சர்வதேச உணவுத் தர நெறிமுறை, சால்மோனெல்லாவுக்காக 60 மாதிரிகளை, ஒவ்வொன்றும் 25 கிராம் வீதம் சோதிக்கச் சொல்வதும், அவற்றுள் ஒன்றில்கூடக் கிருமி தென்படக்கூடாது என்று வரையறுப்பதும் இந்தக் கணக்கை ஒட்டியே. மொத்தம் ஒன்றரைக் கிலோ மாவு சோதனைக்கே போய்விடுகிறது.

1960-களில் அமெரிக்க விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரித்தவர்கள் இந்தச் சுவரில்தான் முட்டிக்கொண்டார்கள். உணவு பாதுகாப்பானது என்று சோதனையால் மட்டும் நிறுவ வேண்டுமானால், தயாரித்ததில் பெரும்பகுதியைச் சோதனைக்கே கொடுத்துவிட வேண்டியிருக்கும். வீரர் உண்பதற்கு மிச்சம் இராது. ஆகவே, தயாரிப்பின் எந்தப் படியில் ஆபத்து நுழைகிறது என்று கண்டு அந்தப் படியையே காவல் காக்கும் முறை உருவாக்கப்பட்டது. இன்று ஹாசப் என்று அறியப்படுவது அதுதான். உங்கள் வாடிக்கையாளரிடம் காட்டத்தக்கது, சூடாக்கிய வெப்பநிலையையும் நேரத்தையும் நாள்தோறும் குறித்துவைத்த பதிவேடு. ஆய்வக அறிக்கை அதற்குத் துணைச் சான்று.

கேள்வி: அதே அறிக்கையில் ஈ.கோலை 'ஒரு கிராமில் 10 சிஎஃப்யூவுக்கும் குறைவு' என்று உள்ளது. அப்படியானால் ஏதோ கொஞ்சம் இருக்கிறது என்றுதானே பொருள்?

பதில்: இதே ஐயம் பலருக்கும் வருகிறது. அந்தத் தட்டில் ஒரு காலனிகூட வளரவில்லை என்பதே அதன் பொருள். உணவை முதலில் பத்து மடங்கு நீர்த்து, அதில் ஒரு மில்லிலிட்டரைத் தட்டில் ஊற்றுகிறார்கள்; ஆகவே தட்டில் தோன்றும் ஒவ்வொரு காலனிக்கும் ஒரு கிராம் உணவில் 10 என்று கணக்கு. ஒன்றுமே தோன்றாதபோது, 'சுழியம்' என்று எழுதும் உரிமை ஆய்வாளருக்கு இல்லை. அவருடைய முறை காணக்கூடிய மிகச் சிறிய அளவான 10-க்குக் கீழே என்றுதான் எழுதலாம். சிஎஃப்யூ என்பது ஒரு காலனியை உருவாக்கிய அலகு. அது ஒற்றைச் செல்லாகவும் இருக்கலாம், ஒட்டிக்கொண்ட பல செல்களின் கொத்தாகவும் இருக்கலாம்.

எண்ணிக்கை அதிகமுள்ள உணவை நூறு, ஆயிரம், பத்தாயிரம் மடங்கு என்று படிப்படியாக நீர்த்து, 30 முதல் 300 வரை காலனிகள் உள்ள தட்டைத் தேர்ந்து எண்ணுவது நெடுநாள் வழக்கம். ஆயிரம் மடங்கு நீர்த்த தட்டில் 84 காலனிகள் இருந்தால் ஒரு கிராமில் 84,000. முந்நூறுக்கு மேல் போனால் காலனிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எண்ண முடியாமல் போகும். மிகக் குறைந்தால் தற்செயல் விளையாடிவிடும்.

கேள்வி: ஈ.கோலை நம் குடலிலேயே இருக்கிறது என்று படித்தேன். பிறகு அதை உணவில் தேடுவானேன்?

பதில்: பெரும்பாலான ஈ.கோலை வகைகள் தீங்கற்றவைதாம். உணவில் அவை தென்படுவது ஒரு தடயம். மலக்கழிவின் தொடர்போ, சுகாதாரக் குறைவோ எங்கோ ஏற்பட்டிருக்கலாம் என்று அது காட்டுகிறது. ஆனால் அந்தக் குடும்பத்தில் ஷிகா நச்சைச் சுரக்கும் கொடிய கிளைகளும் உண்டு. 1982-இல் மனித நோய்க்குக் காரணமாக அடையாளம் காணப்பட்ட ஓ157:ஹெச்7 அவற்றுள் பெயர்பெற்றது. சாதாரண ஈ.கோலை சார்பிட்டால் என்னும் சர்க்கரையை ஒரே நாளில் நொதிக்கவைக்கும். இது அவ்வாறு செய்யாது. ஆகவே சார்பிட்டால் கலந்த மெக்கான்கி அகாரில் மற்றவை இளஞ்சிவப்பாக வளர, இது நிறமற்று நிற்கும். அழகான முறை என்று ஆய்வாளர்கள் நம்பியிருந்தார்கள்.

2011-இல் ஜெர்மனியில் 3,800-க்கும் மேற்பட்டோரை நோயில் வீழ்த்தி, 50-க்கும் மேற்பட்டோர் உயிரைப் பறித்த கிருமி ஓ104:ஹெச்4 என்ற வேறொரு வகை. அது சார்பிட்டாலை நொதிக்கவைக்கக்கூடியது. எனவே அந்தத் தட்டில் தீங்கற்ற ஈ.கோலையைப் போலவே நிறம் காட்டும். நச்சுக்குரிய மரபணுவைத் தேடும் சோதனைதான் அதைக் காட்டிக்கொடுத்தது. முளைகட்டிய வெந்தய விதைகளே மூலம் என்ற முடிவுக்குக்கூட, நோயுற்றோர் எங்கே என்ன உண்டார்கள் என்று விசாரித்தும் விதைகள் வந்த வழியைப் பின்தொடர்ந்தும்தான் வந்தார்கள். சோதித்த விதைகளிலிருந்து ஆய்வகத்தால் அந்தக் கிருமியை வளர்த்தெடுக்க முடியவில்லை. தட்டு நாம் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும் என்பதற்கு இதைவிடக் கசப்பான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

கேள்வி: பிசிஆர் முறையில் ஒரே நாளில் முடிவு வந்துவிடும் என்கிறார்கள். பிறகு ஏன் இன்னும் அகார்த் தட்டுகளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

பதில்: உங்கள் எரிச்சல் புரிகிறது, தட்டு பழைய கருவிதான். ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் ஜெலட்டின் ஊடகங்கள் வெப்பத்தில் உருகித் தொல்லை கொடுத்தபோது, சமையலில் பயன்படுத்திய அகாரைப் போட்டுப் பார்க்கலாமே என்று 1881-இல் யோசனை சொன்னவர், அங்கே பணியாற்றியவரின் மனைவியான ஃபேனி ஹெஸ்ஸே. ஜூலியஸ் பெட்ரி தம் மூடியுள்ள தட்டை அறிமுகப்படுத்தியது 1887-இல். அதன்பின் அடிப்படை மாறவில்லை.

பிசிஆர், கிருமியின் டிஎன்ஏவில் அதற்கே உரிய ஒரு துண்டைத் தேடிப் பிடித்து, அதைக் கோடிக்கணக்கான நகல்களாகப் பெருக்கிக் காட்டுகிறது. காரி மல்லிஸ் 1983-இல் உருவாக்கிய இம்முறைக்கு 1993-இல் நோபல் பரிசு கிடைத்தது. கருவிக்குள் வேலை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் கருவிக்குள் செல்வது ஒரு துளியில் ஒரு பங்கு மட்டுமே. 25 கிராமில் உள்ள இரண்டு செல்கள் அந்தத் துளியில் வந்து விழும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே முதல் நாள் செறிவூட்டல் பிசிஆருக்கும் தேவை. 'ஒரே நாள்' என்று விளம்பரத்தில் சொல்லப்படுவது அந்த இரவையும் சேர்த்துத்தான். இன்னொரு சிக்கல், டிஎன்ஏ செத்த கிருமியிலும் இருக்கும். சூடாக்கிக் கொன்ற பாக்டீரியாவின் எச்சத்தைப் பார்த்தும் பிசிஆர் கை தூக்கலாம். உயிருள்ளவை பெருகி முந்திக்கொள்வதற்கு இடம் கொடுக்கும் செறிவூட்டல் இந்தக் குழப்பத்தையும் பெருமளவு குறைக்கிறது. உணவிலுள்ள கொழுப்பும் சில தாவரப் பொருள்களும் வினையையே தடுத்து, இருப்பதை இல்லை என்று காட்டுவதும் உண்டு. அதனால் ஒவ்வொரு குழாயிலும், வினை ஒழுங்காக நடந்ததா என்று காட்டும் ஓர் உள்கட்டுப்பாடு வைக்கிறார்கள்.

எதிர்ப்பொருளைக் கொண்டு கிருமியைப் பிடிக்கும் எலைசா முறைக்கும் இதே நிபந்தனைதான். சொல்லப்போனால் அதற்கு இன்னும் அதிகச் செல்கள் வேண்டும்.

என் கருத்தில், பெருவாரியான மாதிரிகளை விரைவாக விடுவிக்க பிசிஆர் சிறந்தது. அது 'உண்டு' என்று சொன்னவற்றைத் தட்டில் வளர்த்து உறுதிசெய்வதே முறை. ஏனெனில், காலனி கையில் இருந்தால் அதன் பிறகு செய்யக்கூடியவை ஏராளம். மால்டி-டாஃப் கருவியில் வைத்துச் சில நிமிடங்களில் இனத்தை அறியலாம். எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்கலாம். முழு மரபணுத் தொகுதியையும் படித்து, நோயாளியின் உடலிலிருந்து எடுத்த கிருமியுடன் ஒப்பிடலாம். 2017–18-இல் தென்னாப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கி 200-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற லிஸ்டீரியா நோய்ப்பரவலில், உடனடியாக உண்ணத்தக்க பதப்படுத்திய இறைச்சியையும் அதைத் தயாரித்த தொழிற்கூடத்தையும் நோயாளிகளுடன் இணைத்தது இத்தகைய ஒப்பீடுதான். குழாய்க்குள் ஒளிர்ந்து மறையும் பிசிஆர் முடிவை மட்டும் வைத்துக்கொண்டு அந்த அளவு நெருக்கமாகப் பொருத்திக்காட்ட முடியாது.

கேள்வி: ஒரு விருந்தில் உணவு உண்ட மூன்று மணி நேரத்துக்குள் பலரும் வாந்தி எடுத்தோம். மிச்சமிருந்த உணவைச் சோதித்த ஆய்வகம், நோய்க்கிருமி எதுவும் வளரவில்லை என்று கூறிவிட்டது. ஆய்வகம் தவறு செய்துவிட்டதா?

பதில்: தவறு நேராமலும் அப்படி முடிவு வரக்கூடும். உண்ட சில மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கினால், குடலில் கிருமி பெருகியதைவிட உணவிலேயே முன்கூட்டிச் சுரந்திருந்த நச்சைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இதில் முதல் குற்றவாளி. சமைத்த உணவு வெளியில் கிடக்கும்போது ஒரு கிராமில் ஏறத்தாழ ஒரு இலட்சம் என்ற அளவுக்குப் பெருகி நச்சைச் சுரந்துவிடும்; மறுபடி சுடவைத்தால் பாக்டீரியா மடியும், நச்சு மடியாது, கொதிக்கவைத்தாலும் தாக்குப்பிடிக்கும். மடிந்தது தட்டில் வளராது. ஆகவே ஆய்வகத்திடம் 'கிருமியை வளர்த்துப் பாருங்கள்' என்று மட்டும் கேட்டிருந்தால், அவர்கள் சொன்னது உண்மையே.

கேட்டிருக்க வேண்டியது நச்சுக்கான எலைசா சோதனை. இந்தப் பாக்டீரியா விட்டுச்செல்லும், வெப்பத்தைத் தாங்கும் ஒரு நொதியைத் தேடுவதும் உண்டு. கொலையாளி ஓடிவிட்டாலும் கைரேகை கிடைப்பதைப் போன்றது அது. பேசில்லஸ் சீரியஸ் சுரக்கும் செரியூலைடு இன்னும் முரட்டுத்தனமானது; 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. நோய் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்ற ஒரு வரியை மாதிரியுடன் எழுதி அனுப்பியிருந்தால், அனுபவமுள்ள ஆய்வாளர் தாமாகவே இந்தப் பக்கம் திரும்பியிருப்பார்.

கேள்வி: பஞ்சுக் குச்சியால் மேசையைத் துடைத்துக் கருவியில் செருகினால் சில நொடிகளில் எண் காட்டுகிறதே, அதுவே போதாதா?

பதில்: அது ஏடிபி என்ற வேதிப்பொருளை அளக்கிறது. மின்மினிப் பூச்சியின் ஒளிக்குக் காரணமான நொதியே கருவியில் வேலை செய்கிறது. உயிருள்ள செல் எதுவானாலும், உணவுத் துணுக்கானாலும் ஏடிபி இருக்கும். ஆகவே துடைத்தது சரியாக நடந்ததா என்று அறிய மிக நல்ல கருவி, சால்மோனெல்லா உண்டா என்று அறிய உதவாத கருவி.

கேள்வி: அகார்த் தட்டுகளை வாங்கி வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். நோய்க்கிருமி உண்மையிலேயே இருந்தால், சில செல்களாக இருந்ததைக் கோடிக்கணக்காகப் பெருக்கி வீட்டுக்குள் வைத்திருப்பீர்கள்.

கேள்வி: ஆய்வகத்துக்கு மாதிரியை எப்படி அனுப்ப வேண்டும்? உறையவைத்து அனுப்பினால் பாதுகாப்பாக இருக்காதா?

பதில்: குளிர்ந்த நிலையில் உள்ள உணவைக் குளிர்ந்த நிலையிலேயே, உறையாமல், இயன்றால் 24 மணி நேரத்துக்குள் சேர்ப்பியுங்கள். உறையவைத்தால் கேம்பைலோபேக்டர், விப்ரியோ, கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் போன்றவை பெருமளவு மடிந்து, இருந்த கிருமி இல்லாததாகிவிடும். வெப்பத்தில் அனுப்பினால் ஒன்று நூறாகி, எண்ணிக்கை பொய்யாகும். ஏற்கெனவே உறைந்திருந்த பொருளை மட்டும் உறைந்தவாறே அனுப்ப வேண்டும். பிரிக்காத பொட்டலம் இருந்தால் அதுவே சிறந்தது. இல்லையென்றால் கிருமி நீக்கிய கொள்கலனைச் சோதனைக்கூடத்திடமே முன்கூட்டிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மேற்பரப்பைத் துடைத்து எடுக்கும் மாதிரியானால், அங்கே எந்தக் கிருமிநாசினி பயன்படுத்தப்பட்டது என்று குறிப்பிடுங்கள். அதைச் செயலிழக்கச் செய்யும் கரைசலில் குச்சியை நனைக்காவிட்டால், வழியிலேயே கிருமி செத்துவிடும்.

எடுத்த நாள், நேரம், அப்போதைய வெப்பநிலை ஆகிய மூன்றையும் பொட்டலத்தின் மூடியின் மேல் எழுதாமல் உடலின் மேல் எழுதுங்கள். ஆய்வகத்தில் பல மாதிரிகளின் மூடிகளை ஒரே நேரத்தில் கழற்றி வைப்பார்கள். மூடி மாறினால் மாதிரியின் பெயரும் மாறிவிடும்.